முதலில் நடப்பவள்

சூசைராஜ் கடைசியாகச் சொன்னது ஒரு ஜோக். யாரும் சிரித்து முடிக்கவில்லை.

“ஏ இசக்கி! கண்ணுக்கெட்டுன தூரம் உப்புதான். எங்கம்மா பார்த்தா இந்நேரம் கருவாடு போட ஆரம்பிச்சிருப்பா. மீன்தான் ஒண்ணும் இல்ல” என்றான், முன்னாலிருந்து திரும்பாமலே.

எட்டுப் பேர் வரிசை. சூசை முதல் ஆள். இசக்கியம்மாள் கடைசி. நடுவிலிருந்து வேலப்பன், “அதான் மீன் மாதிரி நீ நடக்கியே மக்கா” என்று ஆரம்பித்தான். அப்போது தரை எழுந்தது.

வெள்ளையாக ஒரு தூண். அப்புறம் உப்பு மழை. இசக்கி குப்புற விழுந்து கிடந்தாள். காதுக்குள் விசில் சத்தம் நின்றபோது, ஹவில்தார் பொன்னுரங்கம் மட்டும் முட்டி போட்டு உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

எதிரிகள் அந்த உப்புப் பாலைவனத்தை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போகும்போது விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகள் மட்டும் போகவில்லை. பொல்லாத வெடிகள் அவை. ரோபோ போனால் செத்த மாதிரி படுத்துக்கொள்ளும். ஆட்டை விரட்டினால் அசையாது. மனித உடம்பின் சூடும், மனிதக் கால் நடக்கிற தாளமும் கிட்டே வந்தால்தான் விழிக்கும். விழிக்கும்போது மெல்ல முனகும். முதல் ஆள் கையிலிருக்கிற கம்பியில் அந்த முனகல் கேட்டுவிட்டால் பிழைத்தான். கேட்பதற்குள் கால் வைத்துவிட்டால் சூசைராஜ்.

பின்னால் வருகிற ஏழு பேரும் அவன் காலடியிலேயே கால் வைத்து, பாதையை அகலப்படுத்திக் கயிறு கட்டிக்கொண்டே வரவேண்டும். அந்தப் பாதை வழியாகத்தான் உப்பளக் கிராமத்து ஜனங்கள் வீடு திரும்ப முடியும்.

யார் முதலில் நடப்பது என்பதைக் கூட்டமைப்பு அரசாங்கத்தின் இயந்திரம் முடிவு செய்தது. பெயர் துலாம். தினமும் விடிந்ததும் ஹவில்தாரின் காதுக்குள் எட்டுப் பெயரை வரிசையாகச் சொல்லும். அவர் உரக்கக் கூப்பிடுவார். அவ்வளவுதான். கேள்வி கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

இசக்கி அந்தப் படைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணிவெடி அகற்றும் படையில் முதல் பெண். லோகிதாசன் போனான், பீட்டர் போனான், இப்போது சூசை. ஒரு தடவைகூட அவள் பெயர் முதலில் வந்ததில்லை.

“ஏன் சார்?” என்றாள் அன்று சாயங்காலம்.

பொன்னுரங்கம் வேலூர்ப் பக்கத்துக்காரர். மூன்று தலைமுறையாகப் பட்டாளம். டீ கிளாஸைக் கீழே வைக்காமல், “என்னை ஏம்மா கேக்கறே? துலாத்தைப் போய்க் கேளு” என்றார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் அதைச் சோகம் என்று எடுத்துக்கொண்டாள்.

சூசைராஜின் சவப்பெட்டியோடு ஊருக்குப் போகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்து ஊர். சந்துக்குள் நுழையும்போதே சுவரில் இசக்கி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆளுயரப் போஸ்டர். கையில் கம்பி, நெற்றியில் உப்பு, கீழே பெரிய எழுத்தில் ‘நாட்டின் தங்கை’. அதைத் தாண்டித்தான் பெட்டியைத் தூக்கிப் போக வேண்டியிருந்தது.

சூசையின் அம்மா பெட்டிமேல் விழுந்து அழுது ஓய்ந்து, நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் இசக்கி. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அந்த அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, “நீயாவது முழுசா வந்தியே தாயி” என்றாள்.

பின்னால் நின்ற ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் சொன்னது தெளிவாகவே கேட்டது. “அந்தப் பொம்பளப் புள்ள மாட்டியிருந்தா ஊரே தாங்கியிருக்காது, பாத்துக்கோ. ஆண்டவர் காப்பாத்துனார்.”

ஆண்டவரா, துலாமா என்று தெரிந்துகொள்ள, இசக்கி அங்கிருந்து நேராகச் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

நிகிலா பயிற்சி முகாமில் பக்கத்துக் கட்டில்காரி. முழங்கால் உடைந்து, இப்போது துலாம் அலுவலகத்தில் அதிகாரி. கேன்டீனில் இரண்டு காபி வாங்கி வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசினாள்.

“போன யுத்தம் ஏன் நின்னுச்சு தெரியுமாடி? தோத்ததால இல்ல. ஜனங்க அழுததால. ஒரு அளவுக்கு மேல நாடு அழுதா எந்த அரசாங்கமும் தாங்காது. அதனாலதான் எல்லார் மணிக்கட்டுலயும் இந்தப் பட்டை. உன் போட்டோவைப் பார்த்தா ஒருத்தனுக்கு நாடி எப்படி ஓடுது, சூசை போட்டோவுக்கு எப்படி ஓடுது, எல்லாம் ஏறிக்கிட்டே இருக்கு. யார் செத்தா நாடு எவ்வளவு அழும்னு துலாமுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு எண். கம்மியா அழ வைக்கிறவங்க முன்னால. ஜாஸ்தியா அழ வைக்கிறவங்க பின்னால.”

“அப்ப சூசைக்கு அழ ஆள் இல்லைன்னா அனுப்பினீங்க?”

“நானா அனுப்பினேன்? முறைக்காதே. காபியைக் குடி.”

இசக்கி குடிக்கவில்லை. “என் எண் என்ன?”

“தனி ஆளோட எண்ணை நான் திறந்து பார்த்தா ஜெயில். துலாம் ஆம்பளை, பொம்பளை பார்க்காது, அழுகையைத்தான் பார்க்கும். ஆனா உன்னைப் பார்க்கவே வேண்டாமே! ஊர் பூரா உன் மூஞ்சி. ‘பெண்கள் போர்முனைக்குப் போகலாமா’ன்னு கேட்டா நூத்துக்கு எழுபத்தாறு பேர் ‘பேஷாப் போகலாம்’ங்கறான். ‘அங்கே செத்துப்போகலாமா’ன்னு கேட்டா சேனலை மாத்திடறான். உன்னை மேடையில வெச்சுக் கும்பிடுவாங்க இசக்கி. கீழ விழ விட மாட்டாங்க.”

“எழுபத்தாறு எல்லாப் பொம்பளைக்கும் சேர்த்தா?”

நிகிலா சுற்றுமுற்றும் பார்த்தாள். “கல்யாணம் ஆகாதவளா இருந்தா. ‘குழந்தை பெத்தவ போகலாமா’ன்னு கேட்டா பன்னெண்டு. விளம்பரப் பிரிவுல உன் கல்யாணத்தையும் குழந்தையையும் எதுக்கு அமுக்கினாங்கன்னு நினைச்சே? தங்கைன்னா பாசம். தாய்னா, வீட்ல இருக்கவேண்டியவ இங்க என்ன பண்றான்னு கேட்பாங்க.”

இசக்கி ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தாள்.

“எண் கீழே இறங்கணும்னா?”

“ஜனங்களுக்கு உன்னைப் பிடிக்காமப் போகணும். நிஜமாவே. நடிப்புன்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் போச்சு, தியாகின்னு இன்னும் ரெண்டு போஸ்டர் ஒட்டுவாங்க. போன்ல புருஷன்கிட்ட முணுமுணுத்தாக்கூடப் பட்டை கேட்டுடும், எண் ஏறிடும்.” நிகிலா சட்டென்று நிறுத்தினாள். “எதுக்கு இதெல்லாம் கேட்கறே?”

“சும்மாதான்” என்றாள் இசக்கி.

‘நாட்டின் தங்கை நம்மோடு’ என்று இரண்டு நாளாக விளம்பரம் செய்தது தொலைக்காட்சி. அரங்கு நிறையக் கூட்டம். நிகழ்ச்சி நடத்திய சம்யுக்தா இவளைக் கட்டிப்பிடித்தாள். காலேஜ் பெண்கள் விசிலடித்தார்கள்.

இசக்கி முதலில் சாதாரண வழியில்தான் முயன்றாள். “எனக்கு யாரும் அண்ணன் வேண்டாம். உங்க பாசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க” என்றாள், திருநெல்வேலிக் காரத்தோடு.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“என்ன ஒரு துணிச்சல்!” என்று சம்யுக்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரங்கத்துச் சுவரில் எல்லார் மணிக்கட்டுப் பட்டைகளின் துடிப்பும் பச்சை அலையாக ஓடிக்கொண்டிருந்தது. அலை ஏறியது. திட்டினால் ஏறுகிறது! இந்த ஜனங்களை என்னதான் செய்வது?

ஒரு வழிதான் பாக்கி. அவள் அதைத் தொடாமல் திரும்பிப் போகத்தான் நினைத்திருந்தாள்.

“எனக்குக் கல்யாணம் ஆயிட்டு” என்றாள்.

சம்யுக்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. பேரு யாழி. பால் மறக்கும் முன்னாடியே விட்டுட்டு வந்தேன். யாரும் போகச் சொல்லல. நானா கேட்டு வந்தேன்.”

“அது… நாட்டுக்காக மனசைக் கல்லாக்கிக்கிட்டு…” என்று சம்யுக்தா கை கொடுத்துப் பார்த்தாள்.

“கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. வீட்ல இருக்கப் பிடிக்கல. அது அழுறது பிடிக்கல. இங்க நிம்மதியாத் தூங்குறேன். அது ஞாபகமே வர்றதில்லை.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொல்லிவிட்டாள். சுவரில் பச்சை அலை சரிந்து, தரையோடு தரையாகப் படுத்தது.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி எழுந்து, “நீயெல்லாம் பொம்பளையா?” என்றாள். அதற்குத்தான் அன்றைய பெரிய கைதட்டல்.

திரும்பிப் போகிற ரயிலில், முகத்தைத் துண்டால் மறைத்திருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிர் சீட்டில் இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்தவில்லை. கொஞ்சம் உரக்கவே பேசினார்கள்.

“நான் அன்னிக்கே சொன்னேன், பொம்பளைக்குத் துப்பாக்கி எதுக்குன்னு.”

“நீங்க எங்க சொன்னீங்க? போஸ்டர் வாங்கி ஹால்ல மாட்டினது யாரு?”

“அது தங்கச்சின்னு நினைச்சு மாட்டினது. பெத்ததைத் தூக்கி எறிஞ்ச கழுதைன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? போனதும் கழட்டிடு.”

இசக்கிக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையாகவே. ஒவ்வொரு வசவும் எண்ணிலிருந்து கொஞ்சம் கழிக்கிறது. யாரோ ஒருவன் ஒரு அடி பின்னால் போகிறான்.

சென்னையைத் தாண்டும்போது போன் அடித்தது. தளவாய். புருஷன். பாளையங்கோட்டையில் மின்சார மோட்டார் காயில் கட்டுகிற கடை. இவள் பட்டாளத்துக்குப் போகவேண்டும் என்றபோது ஊரே சிரிக்க, “போய்ட்டு வா, புள்ளையை நான் பாத்துக்கிடுதேன்” என்றவன்.

“இசக்கி.”

“சொல்லுங்க.”

“கடை வாசல்ல சாணி கரைச்சு ஊத்திட்டுப் போயிருக்கானுவ. அது கிடக்கட்டும், கழுவிட்டேன். யாழி டிவி பாத்துட்டா. பக்கத்து வீட்ல ஓடியிருக்கு.”

இசக்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“‘அம்மாவுக்கு என்னயப் புடிக்காதாப்பா’ன்னு கேக்கா. நான் என்னட்டி சொல்லட்டும்? நீ ஏதோ கோவத்துல சொன்னதுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவகிட்ட போனைக் குடுக்கேன்.”

மணிக்கட்டுப் பட்டையில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் போதும். நாளைக் காலையில் அவள் மறுபடி எட்டாவது ஆள். முன்னால் வேலப்பனோ, வேறு யாரோ.

“நான் சொன்னதுதான்” என்றாள்.

“ஏட்டி!”

“எனக்கு வேலை இருக்கு. வச்சிடுதேன்.”

வைத்துவிட்டாள். எதிர் சீட்டுப் பெண்மணி இட்லியை விழுங்காமல் வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகாமில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலப்பன் மட்டும் அவள் பையை வாங்கிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றான். நாகர்கோவில் பக்கத்து ஆள். வாய் நிறையக் கேலி இருக்கும். அன்றைக்கு இல்லை. சூசைக்குப் பதில் வந்திருந்த புது ஆளும் மரியாதையாக எழுந்து நின்றான்.

விடிந்தது. எட்டுப் பேரும் கயிறு முடிகிற இடத்தில் நின்றார்கள். முன்னால் யாரும் மிதிக்காத உப்பு, வெயிலில் பளபளத்துக்கொண்டு. பொன்னுரங்கம் காதில் விரலை வைத்துக் கேட்டார். தலையாட்டினார்.

இசக்கி கம்பியை வாங்கக் கையை நீட்டத் தயாராக இருந்தாள்.

“முதல் ஆள், வேலப்பன்.”

அவளுக்குப் புரியவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

“எட்டாவது, இசக்கி.”

“சார்!” வரிசையை விட்டு வெளியே வந்தாள். “இது துலாம் சொன்னதா?”

“போய் நில்லும்மா.”

“நாடே காறித் துப்புது சார் என் மேல. இன்னும் எப்படி எட்டாவது? துலாம் சொன்னதான்னு கேக்கேன்.”

பொன்னுரங்கம் அவள் அருகில் வந்தார். பிறகு காதிலிருந்த கருவியைக் கழற்றி, துடைத்து, அவள் காதில் வைத்தார். துலாம் பொறுமையாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. செய்தி வாசிப்பவர் மாதிரி, உப்புச் சப்பில்லாத குரல்.

*ஒன்று, இசக்கியம்மாள். இரண்டு, வேலப்பன். மூன்று…*

“அப்ப வேலை செஞ்சிருக்கு” என்றாள் இசக்கி. “முந்தாநாள் டிவிக்கப்புறம் இறங்கிடுச்சு.”

“முந்தாநாள் இல்லம்மா.” பொன்னுரங்கம் உப்பைப் பார்த்துச் சொன்னார். “நீ வந்த அன்னிலேர்ந்து உன்னைத்தான் முதல்ல சொல்லுது. ஒரு நாள் தவறாம.”

கருவியை அவள் காதிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்.

“போஸ்டர் ஒட்டினவன் எல்லாம் அழுவான்னு நெனச்சியா? ரெண்டு நாள் பொங்குவான். மூணாம் நாள் புதுப் போஸ்டர் கேப்பான். அதுக்கு அது தெரியும். மத்தவங்களுக்கு வருஷக்கணக்குல அழப் பொண்டாட்டி புள்ளைங்கன்னு பதிவாயிருக்கு. உனக்கு ஒருத்தரும் இல்லேன்னுதானே காட்டி வெச்சிருந்தாங்க?”

“அப்ப சூசை?”

“தீக்குச்சி. தினமும் நாங்க ஏழு பேரும் எடுப்போம். குட்டைக் குச்சி வந்தவன் முன்னால. எட்டுப் பேர் போனாங்களான்னுதான் துலாம் கேக்கும். யார் எங்கே நடந்தான்னு கேக்காது.”

“நான் கேட்டேனா?” அவள் கத்தியது உப்பில் மோதித் திரும்பி வந்தது. “என்னைக் காப்பாத்துங்கன்னு உங்க காலைப் பிடிச்சேனா? நானும் அதே பயிற்சி எடுத்துத்தானே வந்தேன்!”

“கேட்டியான்னா கேக்கலை. உனக்காகன்னு மட்டும் நெனச்சுக்காதே. எங்களுக்காகவும்தான். நாங்க ஊருக்குத் திரும்பிப் போகணும். டீக்கடையில ஒருத்தன் கேப்பான், ‘பொட்டப் புள்ளைய முன்னால விட்டுட்டு நீ பின்னால நடந்தியாடா’ன்னு. அதுக்கு நான் என்ன சொல்றது? துலாம் சொல்லிச்சுன்னா?”

“மேலிடத்துல சொல்லுவேன்.”

“சொல்லு. என்னை மாத்துவான். வர்றவனும் எங்கியோ ஒரு ஊர்க்காரன்தானே.”

இசக்கி வேலப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கம்பியைத் தோளில் சாய்த்து நின்றிருந்தான்.

“நீயும் குச்சி எடுத்தியா வேலப்பா? இன்னைக்கு உனக்குத்தான் குட்டையா வந்துச்சா?”

வேலப்பன் சங்கடமாகச் சிரித்தான். “உள்ளதைச் சொல்லணும்னா, சூசை போனப்புறம் நான் மாட்டேன்னுட்டேன். பட்டாளத்துக்கு வந்தாச்சுன்னா பெண்ணென்ன ஆணென்ன, அவளும் வரட்டும்னு ஹவில்தார்கிட்ட சண்டை போட்டேன். இன்னும் ரெண்டு பேரு எனக்க கூடச் சேர்ந்தானுவ.” கம்பியைக் கை மாற்றிக்கொண்டான். “முந்தாநாள் டிவி பாத்தோம். குழந்தைக்காரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா நீ? குச்சியே வேண்டாம், நான் போறேன்னு சொல்லிட்டேன். எனக்கும் ஒண்ணு கிடக்கு வீட்டுல, ஆறு வயசு.”

இசக்கி எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். “அவகிட்ட பிடிக்காதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எம்புள்ளைகிட்ட. எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இசக்கி வேலப்பன் கையிலிருந்த கம்பியைப் பறித்தாள். கயிற்றைத் தாண்டிப் புது உப்பில் இறங்கினாள். ஓர் அடி. துழாவி, இன்னோர் அடி.

“ஏ! நில்லுட்டி!”

பின்னால் உப்பு நொறுங்குகிற சத்தம். திரும்பினாள். வேலப்பன் பாதையிலிருந்து விலகி, துழாவாத வெறும் உப்பில் பக்கவாட்டில் ஓடி வந்துகொண்டிருந்தான், அவளை முந்துவதற்கு. கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் புது ஆள் கயிற்றைத் தாண்டியிருந்தான். அவனுக்கும் பின்னால் பொன்னுரங்கமே ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

அவள் இன்னோர் அடி வைத்தால் அவர்கள் இரண்டு அடி வைப்பார்கள். அவள் நடந்தால் அவர்கள் ஓடுவார்கள்.

“யாரும் அசையாதீங்க!” என்று அலறினாள்.

எல்லோரும் நின்றார்கள். வேலப்பன் ஒற்றைக் காலில், இன்னொரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், கொக்கு மாதிரி. அவன் நெற்றியில் வேர்த்து வழிந்தது.

“திரும்பிப் போறேன்” என்றாள் இசக்கி. “நான் பின்னாடியே போறேன். எல்லாரும் அவங்கவங்க காலடியிலயே திரும்பி வாங்க. மெதுவா. வேலப்பா, மெதுவா.”

முதலில் அவள் பின்வாங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் பின்வாங்கினார்கள். வேலப்பன் கயிற்றுக்குள் வந்து சேர்ந்ததும் உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு வாங்கினான். எழுந்து அவள் முன்னால் கையை நீட்டினான். அவள் கம்பியைக் கொடுத்தாள்.

“அப்படி வா வழிக்கு” என்றான் அன்பாக.

வரிசை நேரானது. வேலப்பன் இறங்கினான். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். முன்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. இன்னும் இல்லை. தன் முறை வந்ததும் இசக்கி குனிந்து பார்த்துக் கால் வைத்தாள். ஏழு ஜோடி பூட்ஸ் மிதித்து அந்த இடம் கல்லாக இறுகியிருந்தது. ஒரு குழந்தையைக்கூட அதன்மேல் நம்பி நடக்கவிடலாம்.